புதுவாயலில் மூக்கைக் காட்ட வருகிறவர்கள்

பியூட்டி பார்லர் வைத்திருப்பவளுக்கு முதலில் பழக வேண்டியது, வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரவே மாட்டார்கள் என்பதுதான். கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, "அக்கா, மூக்கு மேல கருப்பு கருப்பா இருக்குதே, ஊட்லயே ஏதாச்சும் பண்ணிக்கலாமா?" என்பார்கள். புதுவாயல் கூட்டு ரோட்டில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் என் கடை. கீழே லாரிப் புழுதி, சுற்றிலும் கம்பெனிப் புகை. இந்தப் பக்கம் மூக்கு என்று ஒன்று இருந்தால் அதில் கரும்புள்ளியும் இருக்கும். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, நகத்தால் கிள்ளிப் புண்ணாக்கி, அப்புறம் அதைப் பவுடர் போட்டு மறைத்தவர் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

நான் சொல்கிற வைத்தியத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சுடுதண்ணியில் ஆவி பிடித்து, கடலை மாவைத் தயிரில் குழைத்துப் போட்டு, பாதி காய்ந்ததும் ஈரக் கையால் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிள்ளவே கூடாது. இப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கடை எப்படி ஓடும் என்பீர்கள். எப்படியோ ஓடுகிறது.

சோடா உப்பு மாப்பிள்ளை

தனசேகர் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நாற்பதை நெருங்குகிறார். பெண்கள் பார்லர் என்பதால் மாடிப்படியிலேயே நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டையில் பெண் பார்க்கப் போகிறாராம். இதுவரை போன இடமெல்லாம் தட்டிப்போயிருக்கிறது. கடைசியாகப் போன வீட்டில், "மாப்பிள மூஞ்சி இன்னா கிரீஸ் ஒட்டினாப்புல இருக்குது" என்று பெண்ணின் சித்தி இவர் காதுபடவே கேட்டிருக்கிறாள். நான் தயிரும் கடலை மாவும் சொல்லி அனுப்பினேன். அவருக்கு அவசரம். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழச் சாற்றில் சோடா உப்பைக் கலந்து மூக்கில் அப்பியிருக்கிறார். மறுபடி படியில் வந்து நின்றபோது மூக்கு பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. தோல் உரிந்திருந்தது. விடிந்தால் பெண் பார்க்கிற நாள். "போவட்டுமா, வேணாமாக்கா?" என்றார். ஈரத்துணி வைத்து, கற்றாழைச் சோறு தடவச் சொல்லி, "போங்கண்ணா, மூக்கு இல்லாம ஒண்ணும் போவலையே" என்றேன்.

அடுத்த வாரம் அதே படியில் வந்து நின்றார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. பெண்ணோடு தனியாகப் பேச விட்டிருக்கிறார்கள். அவள் முதலில் கேட்டதே மூக்கைப் பற்றித்தான். இவரும் மறைக்காமல் சோடா உப்பு வரைக்கும் சொல்லிவிட்டார். அவளும் பல வருஷமாகப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக் கொடுத்து அலுத்தவள்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு தெரியுமாக்கா? 'வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க, நீங்க ஒருத்தர்தான் உங்க மூஞ்சியப் பத்திக் கவலப்பட்டுக்கினு வந்திருக்கீங்க'ன்னுச்சு."

துண்டுக்குள்ளே

கோமளா பேக்கிங் வேலைக்குப் போகிறவள். கல்யாணமான கையோடு வீட்டுக்காரன் குவைத்துக்குப் போய்விட்டான். இவள் மாமியார், நாத்தனாரோடு ஒரே அறை வீட்டில் இருக்கிறாள். போனில் பேசும்போது, "இன்னா கோமு, மூக்குல எள்ளு தூவினாப்புல இருக்குது?" என்று அவன் கிண்டல் செய்தானாம். பொங்கலுக்கு லீவில் வருகிறான், அதற்குள் சரியாக வேண்டும் என்று வந்தாள். வாரம் ஒரு தடவை துண்டைத் தலையில் போர்த்தி ஆவி பிடிக்கச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து வந்தாள். மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முகம் முழுக்கத் தோல் வறண்டு வெடித்திருந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். சரி, முகம் ஏன் இப்படி என்றால், தினமும் ஆவி பிடிக்கிறாளாம். "வாரத்துக்கு ஒருக்கான்னு சொன்னேன் இல்லடி" என்று திட்டினேன். அதற்கு அவள் சொன்னாள்:

"துண்டுக்குள்ள அழுதா, ஊட்ல யாரும் இன்னான்னு கேக்க மாட்டேங்குறாங்கக்கா."

கல்யாணமா உனக்கு?

மமதா ஒடிசாக்காரப் பெண். பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். வந்த புதிதில் மூக்கைத் தொட்டுக் காட்டி, "அக்கா, இது வேணாம்" என்றாள். அப்போது அவளுக்குத் தெரிந்த தமிழே கொஞ்சம்தான். நான் கடலை மாவு, தயிரோடு ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்து முகம் முழுக்கப் பூசி உட்கார வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வீடியோ காலில் வந்தாள். மகள் மஞ்சள் முகத்தோடு இருப்பதைப் பார்த்ததும் அந்த அம்மா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மமதாதான் அரைகுறைத் தமிழில் சொன்னாள், அவர்கள் ஊரிலும் கல்யாணப் பெண்ணுக்குத்தான் மஞ்சள் பூசுவார்களாம். வீட்டுக்குச் சொல்லாமல் மகள் தமிழ்நாட்டில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

மமதா போனைத் திருப்பி என்னைக் காட்டினாள். நான் தயிர்க் கிண்ணத்தைக் காட்டினேன். பிறகு மூக்கைக் காட்டினேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். என்னவோ சொன்னாள். கேட்டுவிட்டு மமதா கண்ணை மூடிக்கொண்டாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அம்மா சொல்லுது, கல்யாணம் இல்லன்னா மூஞ்சி கழுவு, ஊட்டுக்கு வா."

என் நாற்காலியில் ஒருவர்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். விஜயவாடா, கட்டாக், அதற்கும் மேலே. கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் போகிற ரோடுதான். எந்த லாரி ஹாரன் அடித்தாலும் கை ஒரு நொடி நின்றுவிடும். எதிரில் இருப்பவள், "இன்னாக்கா?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறி வந்தார். லோடு இறக்க இன்னும் நேரமிருக்கிறது, முகம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மூக்கு முழுக்க டீசல் கருப்பு. "உக்காருங்க" என்று கஸ்டமர் நாற்காலியைச் சாய்த்து, சுடுதண்ணித் துணியைப் போட்டேன். மாவு பூசி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். அவரிடம் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் நரை, அது எனக்குப் புதிது. மாவு காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் பாதி காய்ந்ததும் கழுவு என்று சொல்கிறவள், கழுவினால் எழுந்துவிடுவார், எழுந்தால் கிளம்பிவிடுவார் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போது நிர்மலா டீச்சர் முன்பே சொல்லிவைத்திருந்தபடி ஃபேஷியலுக்கு வந்தார். இருப்பது ஒரே நாற்காலி. நான் வீட்டுக்காரரை எழுப்பக் கையை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதம்மா, என் மூக்கு எங்கயும் ஓடிடாது, நான் நாளைக்கு வரேன்."

இத்தனை மூக்குகளைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எத்தனை தடவை துரத்தினாலும் லீவு, லோடு என்று சாக்குச் சொல்லாமல் வீட்டைத் தேடித் திரும்பி வருவது இந்தக் கரும்புள்ளி ஒன்றுதான்.