எது போலே?

"கதவுக்கு?" என்று கேட்டுவிட்டு, லிஃப்ட்டுக்காரர் சட்டைக் கையை மடித்து, முழங்கையின் உள்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"ம்லாங்கோ."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"ம்லாங்கோ. என்னண்ணே, நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?"

"நேத்து சொன்னது வீட்டுக்குப் போறதுக்குள்ள வேர்வையில அழிஞ்சிடுச்சு."

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளம் அது. விரிப்புகளும் துண்டுகளும் மலையாகக் குவிந்து கிடக்கும். நடுவில் இஸ்திரி இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் நிற்கும் சலவைக்காரம்மாவுக்குத் தாய்மொழி சுவாஹிலி. தமிழை வேலை பார்க்குமிடத்தில் பிடித்துக்கொண்டாள். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லா ஆண்களையும் அண்ணே என்பாள். துணிமூட்டைகளை ஏற்றி இறக்கும் லிஃப்டைப் பார்க்க வருகிறவர் இவர். பார்க்க வேண்டியதைப் பார்த்து, எண்ணெய் விட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, சாமான் பையை மூடிய பிறகும் கிளம்பமாட்டார். காகிதத்தில் எழுதினால் கிரீஸ் பட்டு எழுத்து காணாமல் போகிறதென்று கையிலேயே எழுதிக்கொள்கிறார். கரண்டி, சீப்பு, கதவு, கோப்பை. அறுபதை நெருங்குகிற மனிதரின் கையில் ஒரு குழந்தையின் வாய்ப்பாடு.

கேட்பதெல்லாம் மனைவிக்காக.

அந்த அம்மாள் சுவாஹிலி பேசும் கடற்கரை ஒன்றில் பிறந்தவர். இளவயதில் இவர் அங்கே ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போனார். அந்தக் கட்டடத்திலேயே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். வந்த இடத்தில் அவர் தமிழை வளைத்துப் போட்டுக்கொண்ட வேகத்தைப் பற்றி இவருக்கு இன்றைக்கும் பெருமை. "ஒரே வருஷம்! எங்கம்மாகிட்ட சண்டை போடுற அளவுக்குத் தேறிட்டா." மகளிடமும் தமிழில்தான் பேசினார், தமிழில்தான் திட்டினார். இவர் கற்றுக்கொண்ட சுவாஹிலி இரண்டே சொற்கள்: மேலே போவதற்கு ஜூ, கீழே வருவதற்கு சீனி. லிஃப்ட் மாட்டுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று விட்டுவிட்டார். வீட்டில் வாய் ஓயாத தமிழ் இருந்ததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் கொடியில் துணி உலர்த்தப் போன அம்மாள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுபோயிற்று. மருத்துவமனையில் மூன்றாம் நாள் உதடு அசைந்தது.

"கியூ... கியூ..."

இவர் குனிந்து கேட்டார். கண் கலங்கிப்போயிற்று. "கியூ எல்லாம் இல்லம்மா. நமக்குத் தனி பெட்டு. டாக்டர் தானா வந்து பாப்பாரு." அம்மாள் திரும்பத் திரும்பக் கியூ என்றார். இவரும் திரும்பத் திரும்பச் சமாதானம் சொன்னார். மத்தியானம் நர்ஸ் ஒரு கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியபோது, அம்மாள் கப்பை விடாமல் இடது கையால் பிடித்து இழுத்தார். கியூ என்றால் தாகம் என்பது இவருக்குப் பல வாரம் கழித்துத்தான், இஸ்திரி ஆவிக்கு நடுவே தெரிந்தது. அன்றைக்குச் சாமான் பையைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

தமிழ் முழுக்கப் போய்விட்டது. ஆங்கிலமும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஆங்கிலத்தில் ஒரு சொல். அம்மாள் அட்டையைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல பேசின பாஷைதான் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு சார். இதையெல்லாம் அதுல மாத்தி வச்சீங்கன்னா நான் முயற்சி பண்றேன்" என்றாள். மகள் போனில் தட்டி எடுத்துக் கொடுத்தாள். போனே உச்சரித்தும் காட்டியது. அந்த இயந்திரக் குரலைக் கேட்டதும் அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனிதக் குரல் வேண்டும். அம்மாளுடைய அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. அப்புறம்தான் லிஃப்ட்டுக்காரருக்குச் சலவைக்காரம்மாவின் ஞாபகம் வந்தது.

அந்த நாட்களில் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஒருநாள் அட்டையில் 'ரைஸ்' வந்தது. சலவைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்த ரைஸுண்ணே? வயல்ல நிக்கிறதா, மூட்டையில இருக்கிறதா, தட்டுல போட்டதா?"

"ஏன், ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணா?"

"ஆமா. ம்புங்கா, ம்செலே, வாலி."

லிஃப்ட்டுக்காரர் அடித்தளமே அதிரச் சிரித்தார். "நெல்லு, அரிசி, சோறு! அப்படியே நம்ம கணக்கும்மா!" அடுத்து 'அங்கிள்' வந்தது. அம்மா கூடப் பிறந்தவனா, அப்பா கூடப் பிறந்தவனா என்று அவள் கேட்டாள். அப்பாவின் தம்பி என்றால் பாபா ம்டோகோ. அதாவது சின்ன அப்பா. இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எல்லாம் மனைவிக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்ததை வீட்டில் எல்லோரும் அதிசயமாகப் பேசினார்கள். அது எப்படி வந்தது என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. "நானும் கேக்கலம்மா" என்று சொல்லிவிட்டுக் கையில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கையைக் கழுவுவதற்கு முன்னால், காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, சுவாஹிலிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஆங்கிலச் சொல் மறையும்படி ஒட்டுவது. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கிஜிகோ என்று கரண்டியைக் காட்டுவார். சானுவோ என்று சீப்பைக் காட்டுவார். அம்மாள் சொல்லவும் சொன்னார். ஒருநாள் இவர் "மலங்கோ" என்று கதவைக் காட்ட, அம்மாள் நெற்றியைச் சுருக்கி, இல்லையென்று தலையாட்டி, உதட்டைக் கூட்டி "ம்...லாங்கோ" என்று திருத்தினார். இவர் மாடிப்படியில் நின்று மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா என்னைத் திட்டிட்டா" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அந்த அளவோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் கோப்பையைக் காட்டினால் கதவு என்றார். அப்புறம் கதவும் வரவில்லை. அட்டைக் கட்டு பெருத்துக்கொண்டே போயிற்று, அம்மாளின் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பேச்சுப் பயிற்சிப் பெண் வாரத்துக்கு இரண்டு முறை வந்தவள் ஒரு முறை என்று ஆக்கிக்கொண்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.

"போலே."

முதலில் அதைக் கேட்டபோது இவர் அம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். தமிழ் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தார். வாக்கியத்தின் நடுத்துண்டு முதலில் வருகிறது, மீதி பின்னால் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எது போலே? சொல்லும்மா, எது போலே?" அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு மறுபடி போலே என்றார். பல நாள் இது நடந்தது. சோறூட்டும்போது, பக்கெட் தூக்கி வரும்போது, அம்மாளைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு இவர் மூச்சு வாங்கும்போது போலே. எது போலே என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்தாள்.

"ஸாரின்னு போட்டிருக்குப்பா."

லிஃப்ட்டுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். சலவைக்காரம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. அது புருஷன் பெண்டாட்டிக்குள்ளே இருக்கிற விஷயம் என்று நினைத்தார். அன்றிலிருந்து அம்மாள் போலே என்றால், "நீ எதுக்கும்மா ஸாரி சொல்ற, நீ என்ன தப்பு பண்ணினே?" என்பார். சில நாள் கெஞ்சலாக, சில நாள் சலிப்பாக. ஒரு புதன்கிழமை வேலையில் ஏதோ தகராறு, வீட்டில் தண்ணீர் வரவில்லை, படுக்கை நனைந்திருந்தது. விரிப்பை உருவும்போது போலே என்று குரல் வந்தது. "போதும்!" என்றார். "எதுக்கெடுத்தாலும் ஸாரி, ஸாரி. எனக்குப் பத்திக்கிட்டு வருது. இனிமே அந்த வார்த்தை வேணாம், சொல்லிட்டேன்." சொன்னதோடு விடாமல், மனைவியின் உதட்டின் மேல் விரலை வைத்து இல்லையென்று தலையாட்டிக் காட்டினார்.

அதற்குப் பிறகு அம்மாள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எந்தச் சொல்லையும் சொல்லவில்லை.

மூளையில் இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கிறது, ஸ்கேனில் தெரிகிறது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி விளக்கினார். எப்போது வந்தது என்று இவர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். "அந்த வாரமா இருக்குமா சார்? புதன்கிழமையா?" என்று இவர் விடாமல் கேட்டதன் காரணம் டாக்டருக்கு விளங்கவில்லை.

அட்டைகள் அலமாரிக்குப் போய்விட்டன. அடித்தளத்துக்குப் போனாலும் வேலையை முடித்ததும் கிளம்பிவிடுவார். அப்படிக் கிளம்பிய ஒருநாள்தான் லிஃப்டின் இரும்புக் கதவு இழுத்த வேகத்தில் விரலைக் கடித்துவிட்டது. "அம்மா!" என்று கையை உதறினார். சலவைக்காரம்மா இயந்திரத்தை விட்டு ஓடிவந்தாள்.

"போலே அண்ணே, போலே, போலே!"

விரலைப் பிடித்துக்கொண்டே இவர் நிமிர்ந்தார். "நீ ஏம்மா ஸாரி கேக்குற? நீயா கதவைச் சாத்தினே?"

"ஸாரியா? யாரு ஸாரி கேட்டா?" ஈரத்துணியை அவர் விரலில் சுற்றியபடியே பேசினாள். "தப்பு பண்ணினாதான் ஸாரி. அதுக்கு சமஹானி. இது வேறண்ணே. அடிபட்டவங்களைப் பாத்து சொல்றது. மூட்டை தூக்குறவங்க, காய்ச்சல்ல கிடக்கிறவங்க, வேலை செஞ்சு அலுத்து வர்றவங்க, யாரா இருந்தாலும் சொல்லுவோம். அய்யோ பாவம், கஷ்டப்படுறீங்களேன்னு. உங்க வீட்ல சொல்லிருப்பாங்களே?"

லிஃப்ட்டுக்காரர் துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். விரல்தான் வலிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். "அப்படிச் சொன்னா, பதிலுக்கு என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டார்.

"அசான்டே. நன்றின்னு அர்த்தம்."

அதைக் கையில் எழுதிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போதே மனப்பாடமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் நின்று அசான்டே என்றார். இன்னொரு முறையும் சொன்னார். கேள்வி வராத இடத்தில் பதில் மட்டும் நிற்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், பிறகு அதைச் சொல்லவில்லை. மகள் வந்தபோது சமாதானமாகப் பேசிப்பார்த்தாள். "அம்மாவுக்கு அடைப்புப்பா. நீங்க சொன்னதால இல்ல."

"சரி."

"நிஜமாத்தான்பா."

"சரின்னுதானே சொல்றேன்."

இப்போது அவர் வீட்டுக்குப் போகிறவர்கள், மனுஷர் தளர்ந்துவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். லிஃப்ட் அறைக்கு இரும்பேணியில் சரசரவென்று ஏறுகிறவர், வீட்டில் இரண்டடி நடப்பதற்குள் முனகுகிறார். காலையில் மனைவியைத் துடைத்துவிடக் குளியலறையிலிருந்து பாதி பக்கெட் வெந்நீரைத் தூக்கி வருகிறார். கட்டிலுக்கு நேர் எதிரே வந்ததும் தொப்பென்று வைக்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி... அப்பா..." என்று நீளமாக இழுக்கிறார். இழுத்துவிட்டு மனைவியின் உதட்டைப் பார்க்கிறார். அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரை திரும்பிப் போகிறார். அங்கிருந்து மறுபடி நடந்து வருகிறார், இந்தத் தடவை நொண்டிக்கொண்டு.