பாலத்தடிக் கடையில் இருவருக்குச் சாப்பாடு

ஓட்டல்களில் இருக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். எல்லாருக்கும் அவர் பிரிட்ஜ்காரர். எந்த ஓட்டலுக்குள்ளும் முன்வாசல் வழியாகப் போய் அவருக்குப் பழக்கமில்லை. பாத்திரம் கழுவுகிற சந்து வழியாக, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போகிற ஆள். அங்கே பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தவர். முந்தாநாள் மீனை எலுமிச்சை பிழிந்து குமரியாக்குவதை, ஒரே எண்ணெய் மூன்று தலைமுறை காண்பதை. அதனால் கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியும் வைத்து யார் கூப்பிட்டாலும் மசிய மாட்டார். வேலை முடிந்ததும் சமையல்காரரை ஓரங்கட்டி ஒன்றே ஒன்று கேட்பார்.

"அது கிடக்கட்டும். நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

சமையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏதோ ஒரு சந்தைக் காட்டுவார். அங்கே போனால் பலகை இருக்காது, பேர் இருக்காது, சில இடங்களில் நாற்காலிகூட இருக்காது. சோறும் குழம்பும் மட்டும் சோறாகவும் குழம்பாகவும் இருக்கும். வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் அவருக்கு இப்படி ஒரு கடை உண்டு. "பிரிட்ஜ்காரர் சொன்ன கடையா? கண்ணை மூடிட்டுப் போ" என்று சக மெக்கானிக்குகள் பேசிக்கொள்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் அன்றைய சாப்பாட்டுக் கதைதான். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். கேட்கிறவளுக்கு எச்சில் ஊறும்படி சொல்லத் தெரிந்த மனுஷன். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிற கடையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கண்ணே சொக்கிவிடும்.

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்."

"அங்க உனக்குத் தோதா உக்கார இடம் இருக்காது. பாக்கலாம்."

இடம் ஒன்றும் பிரச்சினை இல்லை. அந்தக் கடைகளெல்லாம் அவருக்கு மட்டுமே சொந்தமான ஓர் உலகம். அதில் வீட்டைக் கொண்டுபோய் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். வாய்க்கு வாய் 'பாக்கலாம்' என்றார். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போனார்கள். பார்த்தபாடு இல்லை.

இடையில் அவளுக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்து, ஆளை உருக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு தடம் மாறிவிட்டது. ஒரு நாள் உப்பு தூக்கலாக இருக்கும், மறுநாள் புளியில் பல் கூசும். ஊர் முழுக்க நல்ல சோறு தேடித் தின்ற நாக்கு சும்மா இருக்குமா? "உன் கை தளர்ந்துபோச்சு" என்பார். ஒரு நாள் "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அவள் தட்டை எடுத்துக் கழுவினாள்.

முட்டி வலி வந்து அவர் வேலையை விட்டபோது, அவளே வந்து எதிரில் நின்றாள்.

"இப்ப பாக்கலாமா?"

இதற்கு மேல் சாக்குச் சொல்ல அவருக்கும் வெட்கமாக இருந்தது. மறுநாளே பஸ் ஏறினார்கள். இருப்பதில் நல்ல புடவையை அவள் கட்டியிருந்தாள். ஒரு சோற்றுக் கடைக்கு இவ்வளவு ஜோடனையா என்று கிண்டல் செய்தார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பழக்க தோஷம், பாலத்தடிக் கடையிலும் பின்வாசல் வழியாகவே நுழைந்தார். "வாங்கண்ணே, அக்காவையும் கூட்டிட்டு வந்தீங்களா!" என்று கடைக்காரம்மா பூரித்துப்போய், அடுப்படி ஓரத்திலேயே இருவருக்கும் பலகை போட்டாள். கைக்கு எட்டிய பானையிலிருந்து குழம்பை மொண்டு ஊற்றிவிட்டு, முன்பக்கம் கூப்பாடு போடுகிறவர்களைக் கவனிக்க ஓடினாள்.

அவர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து உட்காருவதற்குள் மனைவி பாதிச் சோற்றை முடித்திருந்தாள்.

"எப்படி?"

"நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. இந்த மாதிரி குழம்பு நான் சாப்பிட்டதே இல்ல."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. பெருமையோடு ஒரு வாய் அள்ளிப் போட்டார். குழம்பில் உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. இன்னொரு வாய் போட்டுப் பார்த்தார். அதே சப்பு. பக்கத்தில் அவள் விரலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரம்மா திரும்பி வந்து பானையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ அண்ணே! இது எங்க வீட்டுக்காரருக்கு எடுத்து வச்சது. அவருக்கு பிரஷர், உப்பே போடல. அக்கா, நீங்க எப்படி இதைச் சாப்பிட்டீங்க?"

மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இருவர் தட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்காரம்மா உள்ளே போனாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். தானா வந்துடும்னு இருந்தேன். வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, ருசி தெரியாதவளுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்னு விட்டுடுவீங்க. எனக்கு ஒரு தடவை வரணும்னு இருந்தது."

மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் உண்மையில் அவர் அப்படித்தான் விட்டிருப்பார். பரிதாபப்பட்டுக்கொண்டே விட்டிருப்பார். நாக்கு நன்றாக இருந்த காலமெல்லாம் அவளுக்குப் பேச்சை ஊட்டினார்; அது செத்த பிறகு சோறு ஊட்டக் கூட்டி வந்திருக்கிறார். ருசி பார்க்காமல், கைக்கணக்கில் இத்தனை நாள் அவருக்குச் சமைத்துப் போட்டு, திட்டும் வாங்கியிருக்கிறாள். தட்டைத் தள்ளிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

புதுச் சோறும் ஆவி பறக்கும் குழம்பும் வந்தன. கடைக்காரம்மா இந்த முறை நகரவில்லை. பாவம், அவளுக்குத் தன் கைமணத்தைப் பற்றிய கவலை.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

அவள் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு, குழம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அவர் முகத்தைப் பார்த்தாள்.