தெய்வத்திரு சின்னக்கருப்பன் கேட்ட அரைக்கிலோ பால்கோவா

மகாராஜபுரத்து வல்லரசுக்கு அந்தப் பெயரை வைத்தது அவன் அப்பா பாண்டிச்செல்வம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை எல்லையைக் காப்பான் என்று நினைத்து வைத்த பெயர். பத்தொன்பது வயதில் பிள்ளையின் எடை நாற்பத்தாறு கிலோ. அதில் ஒரு கிலோ தலைமுடி. பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் படித்து, ஏழு அரியர் சேர்த்து, மூன்றாம் வருஷம் அந்தப் பக்கமே போகாமல் நின்றுகொண்டான்.

அப்படிப்பட்டவனுக்கும் ராஜபாளையத்தில் வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேல் மாடியில், ஆறு பேர் உட்காரும் சாப்ட்வேர் கம்பெனி. நேர்முகத் தேர்வில் முதலாளி யுவராணி மேடம் ஒரு பஸ் டிக்கெட் ஆப்பைக் கையில் கொடுத்து, "இதுல என்ன தப்புன்னு கண்டுபிடி" என்றார். டிக்கெட் எத்தனை என்று கேட்ட இடத்தில் வல்லரசு மைனஸ் ஐந்து என்று போட்டான். ஆப் அதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் நாற்காலியின் ஒரு காலை மட்டும் அரை அங்குலம் அறுத்துவைத்து அடி வாங்கியவன் அவன். அதே புத்திக்குச் சம்பளம் தரவும் ஆள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வேலைக்கு டெஸ்டர் என்று பெயர்.

ஆனால் முதல் ஆறு மாதம் தற்காலிகம்தான். அப்பா அதற்கும் ஒரு கெடு வைத்தார்.

"ஆறு மாசத்துல நிரந்தர ஆர்டரோட வா. இல்லேன்னா மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துரணும். மிலிட்டரி ஆளெடுப்புக்கு ஆயிரத்தறுநூறு மீட்டர் ஓடிப் பழகணும்."

வல்லரசு கடைசியாக ஓடியது ஒரு பஸ்ஸைப் பிடிக்க. அதையும் பிடிக்கவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில் யுவராணி மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தம்மாள் பால்கோவா கடைக்கு கம்பெனி ஒரு ஆன்லைன் ஆர்டர் தளம் செய்து கொடுத்திருந்தது. ஆடிப்பூரத் தேர்க் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டால் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். எந்தக் கருவியால் பார்ப்பது நல்லது என்று ஒப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை எழுத வேண்டும். "இதை ஒழுங்கா முடிச்சா உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார்.

மனுஷனுக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கிப் பார்க்கும் கருவிகள் இரண்டை முதலில் எடுத்தான். செலினியம், அவன் எழுதிய லட்சணத்துக்கு, பொத்தான் திரைக்கு வருமுன்னே அமுக்கப்போய் முட்டிக்கொண்டது. 'செத்த நேரம் பொறு' என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. பிளேரைட் தானாகவே பொறுத்தது. இந்தப் பொறுமை தனக்கு இருந்திருந்தால் அரியர் மூன்றோடு நின்றிருக்கும் என்று வல்லரசு நினைத்துக்கொண்டான்.

அடுத்து, கூட்டத்தைக் கிளப்பிவிடும் கருவிகள். ஜேமீட்டரில் எல்லாம் பட்டனும் பட்டியலுமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் முந்நூறு பேரைக் கிளப்பியதும் அவனுடைய பழைய லேப்டாப் ரைஸ்மில் மாதிரி இரைந்தது. கே-சிக்ஸ் என்பதில் பட்டன் கிடையாது. பத்து வரி எழுதிவிட்டால் சத்தமில்லாமல் ஓடும்.

கூட்டம் என்றால் பேரும் போன் நம்பரும் வேண்டும். முந்நூறு பேரைக் கற்பனை செய்யச் சோம்பல். போன வருஷம் அக்கா கார்த்திகா கல்யாணத்துக்கு யாருக்கெல்லாம் பத்திரிகை என்று அப்பா கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். பேர், ஊர், போன் நம்பர், எல்லாம் ராணுவ ஒழுங்கு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அப்படியே தூக்கி உள்ளே போட்டான்.

ஜேமீட்டரை ஒத்திகைத் தளத்தில் ஓட்டினான். கடையின் தளத்தைப் போலவே செய்துவைத்த நகல் அது. அங்கே ஆர்டர் போட்டால் யாருக்கும் எதுவும் போகாது. பிறகு கே-சிக்ஸுக்குத் தளத்தின் முகவரியைக் கொடுக்கும்போது பிரவுசரில் திறந்திருந்ததைக் காப்பி அடித்தான். பரீட்சையிலும் அவன் இப்படித்தான், பக்கத்து பெஞ்சைப் பார்த்து வேறு பாடத்துக்கு விடை எழுதுவான்.

நாற்பது விநாடி. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர், ஆளுக்கு அரைக்கிலோ. ஒன்றுகூடத் தோற்கவில்லை. திரையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கப் போனபோது அப்பா கூப்பிட்டார். குரல் என்னவோ மாதிரி இருந்தது.

"ஏலே, உங்க தாத்தா பால்கோவா ஆர்டர் போட்டிருக்காராம்லே."

தாத்தா சின்னக்கருப்பன் செத்து மூன்று வருஷம். அவருடைய பட்டன் போனை அப்பா மாதா மாதம் ரீசார்ஜ் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். கல்யாணப் பட்டியலில் முதல் பெயரும் அவர்தான், 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு. அந்தப் பட்டன் போனுக்குத்தான், ஆர்டர் கிடைத்தது, வீடு தேடி வரும், பணம் அப்போது கொடுத்தால் போதும் என்று செய்தி வந்திருக்கிறது.

வல்லரசு திரையின் முகவரியைப் பார்த்தான். ஒத்திகை இல்லை, நிஜக் கடை.

தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், கரண்ட் போய்வந்தது, பூனை மிதித்துவிட்டது, கே-சிக்ஸுக்கே கிறுக்கு. நாலு பொய் தயாராக வந்து வரிசையில் நின்றன. நாலையும் தாண்டி மேடம் மேஜைக்குப் போய் நடந்ததைச் சொன்னான்.

யுவராணி மேடம் கடைக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"நூத்தம்பத்தாறு கிலோ! அந்தம்மா பாலைக் காய்ச்ச ஆரம்பிச்சிட்டா அம்புட்டும் வீண். பஸ் ஏறு. கால்ல விழுந்தாவது நிறுத்து. மத்ததைப் பொறவு பேசிக்கலாம்."

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கி மடவார்வளாகம் தாண்டும்போது அவன் நிரந்தர ஆர்டரை மனதுக்குள் கிழித்துப் போட்டுவிட்டான். அஞ்சு மணிக்கு எழும்ப அலாரம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கடையில் பில் மெஷின் கக்கிய சீட்டு, தரைவரை தொங்கிச் சுருண்டு கிடந்தது. கருத்தம்மாள் அதை மடியில் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கும். அடுப்பில் வழக்கமான ஒரே ஒரு சட்டிதான் இருந்தது.

"அக்கா, பால் ஊத்திறாதீக! அது எல்லாம்..."

"நீதானா அது?" கருத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "மகாராஜபுரத்துக்காரன் முந்நூறு பேரு ஒரே நிமிசத்துல அரைக்கிலோ கேட்டா, ஒண்ணு அது கல்யாணமா இருக்கணும், இல்ல எவனோ கிறுக்கனா இருக்கணும். முதச் சீட்டுலயே தெய்வத்திருன்னு பேரு. சரி, கிறுக்கன்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

"போன் எடுக்கலையேக்கா?"

"உன் சொந்தக்காரன் முந்நூறு பேரும் கூப்பிடுதானே, எதை எடுக்க?"

வல்லரசு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். கருத்தம்மாள் ஒரு பால்கோவாத் துண்டை அவன் கையில் வைத்தார். "தின்னு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

அவன் வாயில் போடவும் வாசலில் அப்பாவின் மொபெட் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவர் சட்டைப்பையில் அந்தப் பட்டன் போன். மகனைக் கவனிக்காமல் நேரே உள்ளே வந்தார்.

"எங்க அய்யா பேர்ல ஒரு ஆர்டர் இருக்காம்மா. சின்னக்கருப்பன்."

கருத்தம்மாள் வல்லரசைப் பார்த்தார். பிறகு தட்டைத் தராசில் வைத்தார். அப்போதுதான் அப்பா திரும்பி, வாய் நிறையப் பால்கோவாவோடு உட்கார்ந்திருந்தவனைக் கண்டார். எழுந்து நிற்கலாமா ஓடலாமா என்று அவன் யோசித்தான். ஓடினால் எத்தனை மீட்டர் என்று அவர் அளப்பார்.

"ஏலே," என்றார் அப்பா. "அவருக்கு சுகர் இருந்துச்சுல்லா. கால்கிலோன்னு போட்டிருக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தான். ஒப்பீட்டின் கடைசியில் இப்படி எழுதியிருந்தது: 'முந்நூற்றுப் பன்னிரண்டு தவறான ஆர்டரும் சரி என்றது கே-சிக்ஸ். தளம் தாங்குகிறதா என்று கேட்டோம், தாங்குகிறது என்றது. கேட்பவன் கிறுக்கனா என்று நாம் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் கருத்தம்மாள், முதல் சீட்டிலேயே. முகவரியை மாற்றிப் போட்டவன் வல்லரசு. கருவிகள் மேல் குற்றமில்லை.'

யுவராணி மேடம் இரண்டு முறை படித்தார். "பொய் சொல்லித் தப்பிக்கலாம்னு தோணலையா?"

"நாலு பொய் இருந்துச்சு மேடம். நானே டெஸ்ட் பண்ணேன். ஒண்ணும் பாஸாகல."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். "பட்டியல்ல மிச்சமிருக்க முந்நூத்திப் பதினோரு பேருக்கும் நீயே போன் பண்ணி மன்னிப்புக் கேளு. எந்தக் கருவியும் வேண்டாம், வாயால கேளு. கடைசி ஆளு முடிஞ்சதும் கையெழுத்து."

இரண்டு நாள் ஆனது. பாதிப் பேர் எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். ஒரு மாமா, "கார்த்திகா கல்யாணத்துலயும் எனக்குத் தாம்பூலப் பை குடுக்கல, இதையும் நிப்பாட்டிட்டியா?" என்று அரைமணி நேரம் சண்டை போட்டார். முந்நூற்றுப் பதினோராவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டபோது தொண்டையில் காற்றுதான் வந்தது. கையெழுத்தும் வந்தது.

இப்போது அந்த ஆபீசில் சொந்தக்காரர் பெயரைப் போட்டு டெஸ்ட் செய்யக் கூடாது என்று ஒரு விதி உண்டு. வல்லரசே எழுதி ஒட்டினான். ஆனாலும் அவன் கிளப்பிவிடும் கூட்டத்தில், ஒத்திகைத் தளத்தில் மட்டும், நம்பர் இல்லாமல், முதல் ஆளாக ஒரு சின்னக்கருப்பன் நிற்பார். மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்பார்.

"இன்னைக்கு அய்யா வந்தாரா?"

"வந்தாருப்பா. மூணு செகண்டு காத்துக் கெடந்தாரு."

"மூணு செகண்டா? அவருக்கு அம்புட்டுப் பொறுமை ஏதுலே. சீக்கிரம் குடுக்கச் சொல்லு."