மைக்கக்கா போட்ட திருத்தம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். வண்டிகள் வருவதையும் கிளம்புவதையும் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. விசாரணை அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கணினி, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி, கைக்குட்டை சுற்றிய ஒரு மைக். கைக்குட்டை அவளே கண்டுபிடித்த வைத்தியம். அது இல்லாவிட்டால் அவள் சொல்லும் ஒவ்வொரு 'ப'வும் நிலையம் முழுக்க வெடிக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் அவள் சோப்பு கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பி, "அடுத்த வண்டி எப்பம்மா?" என்பார்.

ஊரின் பெயரை அவளைப் போல வாய் வலிக்கச் சொன்னவர் வேறு யாரும் இருக்க முடியாது. அந்தப் பெயருக்குள் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. யார் அந்த மனிதர் என்பதில்தான் வம்பு.

மைக்கக்காவின் ஆட்கள் சொல்வது இது. அவர் ஒரு மேஸ்திரி. பாறை உடைத்துச் சாலை போட ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்தவர். பாறை சரிந்து செத்துப்போனார். வேலை முடிந்த பிறகும் கூட்டம் அவரைப் புதைத்த இடத்தை விட்டு நகர மறுத்து, அங்கேயே குடிசை போட்டு, அவர் பெயரையே இடத்துக்கு வைத்தது. ஆலை வந்ததெல்லாம் பிறகுதான். ஆலைக்காரர்கள் சொல்வது வேறு. ஆலையைக் கட்டிய முதலாளிக்கும் அதே பெயர். வெறும் காடாக இருந்த இடத்தில் மனிதர்கள் வாழ நிலம் கொடுத்தவர் அவர், ஊர் அவர் பெயரால் விளங்குகிறது என்பார்கள். தெருவுக்கு நாலு பேர் அந்தப் பெயரோடு இருந்த காலம் அது. யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம்.

இத்தனை வருஷமும் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று முறைத்தபடி அவரவர் தெருவில் கிடந்தன. புது நிலையம் கட்டி முடிக்கும் தறுவாயில்தான் அவை முட்டிக்கொண்டன. வாசலில் பதிக்கப்போகும் கருங்கல்லுக்கான வாசகத்தை நேரக்காப்பாளர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்கம்மா. காதுக்கு நல்லா இருக்கான்னு தெரியணும்."

அவள் வாசித்தாள். 'வள்ளல் பெருந்தகையாம் ஆலை நிறுவனரின் நினைவாக இவ்வூர் அவர் பெயரால் வழங்கப்படுகிறது' என்ற இடத்தில் குரல் நின்றது.

"இது யார் சார் சொன்னது?"

"இணையக் கலைக்களஞ்சியத்துல இருக்கு. உலகமே பாக்குற பக்கம்மா அது. நிலையம் கட்டுற பொறியாளர் அதுலேருந்துதான் எடுத்தார்."

"அதுல யார் எழுதினா?"

"யார் வேணும்னாலும் எழுதலாமாம், யார் வேணும்னாலும் திருத்தலாமாம்." நேரக்காப்பாளர் சிரித்தார். "நீங்ககூடத் திருத்தலாம். கல்லு வெட்டுறவர் மாசக் கடைசியிலதான் வர்றார்."

கிண்டலுக்குச் சொன்னதை மைக்கக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வண்டிகள் குறைந்த நேரத்தில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திருத்துவதற்கு 'தொகு' என்ற பொத்தான் தெரிந்தது. ஆலை நிறுவனரைப் பற்றிய பத்தி முழுவதையும் ஒரே அழுத்தில் அழித்தாள். அந்த இடத்தில் தன் கையால் இப்படி எழுதினாள்: "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இதுவரை இங்கே இருந்த தகவல் பொய். இந்த ஊர் சாலை போட்ட மேஸ்திரியின் பெயரால் உண்டானது. சந்தேகம் உள்ளவர்கள் விசாரணை அறையைத் தொடர்புகொள்ளவும்." கீழே விசாரணை அறையின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். அதற்கும் கீழே, "இப்படிக்கு, அறிவிப்பாளர்."

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வள்ளல் பெருந்தகை திரும்பவும் பக்கத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். மாற்றியவர் 'பழையபேனா' என்ற புனைபெயர்க்காரர். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: "சான்று?"

அவள் மறுபடி அழித்தாள். பழையபேனா மறுபடி போட்டார். அவள் இன்னொரு முறை அழித்து, பக்கத்தின் நட்ட நடுவிலேயே பதில் எழுதினாள்: "சான்று என் அப்பா. போதுமா?" அதனால் அன்று சாயங்காலம் அந்த ஊரைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மக்கள்தொகைக்கும் மழை அளவுக்கும் இடையே ஒரு குழாயடிச் சண்டையைப் படித்தார்கள். சண்டை போடுவதற்கு என்றே பின்னால் 'பேச்சுப் பக்கம்' என்று தனியாக ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. பழையபேனா இரண்டாவது முறை மாற்றியபோது அதைப் பணிவாக எழுதித்தான் வைத்திருந்தார். கோபத்தில் இருப்பவளுக்குப் பணிவு எங்கே கண்ணில் படும்?

"அவன் ஒருத்தன், நான் ஒருத்தி, அதான் மதிக்க மாட்டேங்கிறான்" என்றாள் நாத்தனாரிடம். நாத்தனாருக்கு அடுத்த அறையில் பார்சல் பதிவு செய்யும் வேலை. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"அப்ப கூட்டத்தைக் கூட்டுங்க அண்ணி. நம்ம ஆளுங்களுக்கா பஞ்சம்?"

பஞ்சமே இல்லை. அந்த நிலையத்தில் ஓட்டுநர், நடத்துநர், டயர் மாற்றுபவர், கழுவுபவர் என்று பாதிப் பேர் அந்தச் சாலைக் கூட்டத்தின் வாரிசுகள்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் விசாரணை அறை வாசலில் வரிசை கட்டினார்கள். முதலில் அவள் புருஷன், பிறகு நாத்தனார், பிறகு சித்தப்பா மகன், பிறகு மற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கணினியில் ஆளுக்கொரு கணக்குத் திறந்தார்கள். தட்டச்சு தெரியாதவர்களுக்கு மைக்கக்காவே தட்டிக் கொடுத்தாள். ஆளாளுக்கு யோசித்து நேரம் வீணாகக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான்: "மேற்கண்ட அறிவிப்பு உண்மை என்று உறுதி கூறுகிறேன்."

பேருந்து நிலையத்தில் அப்படித்தான் வேலை நடக்கும். ஒரு கோரிக்கை என்றால் எல்லாரும் வரிசையில் வந்து ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். தலைகளின் எண்ணிக்கைதான் பலம். கலைக்களஞ்சியத்தில் அந்த வரிசை வேறு மாதிரி தெரிந்தது. ஒரே கணினி, ஒரே வாக்கியம், ஒரே சாப்பாட்டு வேளை. இது ஒரு ஆள் பல முகமூடி போட்டு ஆடும் ஆட்டம் என்று நிர்வாகிகள் முடிவு கட்டி, மைக்கக்காவுடையதையும் சேர்த்து அத்தனை கணக்குகளையும் தடுத்துவிட்டார்கள். அதற்கு அங்கே ஒரு பெயரும் உண்டு: கைப்பாவை.

"நான் பொம்மையா?" நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "என்னைத் தூக்கி ஆட்டச் சொல்லுங்க பாப்போம், அவன் கை ஒடஞ்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். மைக்கக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புருஷன் ஒரு ஆள், நாத்தனார் ஒரு ஆள், சித்தப்பா மகன் ஒரு ஆள். அத்தனை பேரையும் மூட்டை கட்டி ஒன்று என்று எண்ணிவிட்டார்களே. சாலை போட வந்தவர்களுக்கும் இதே கதிதான். ஆலை வெளியிட்ட பொன்விழா மலரில் முதலாளிக்கு முழுப் பக்கப் படம், மற்றவர்களுக்கு 'கூலியாட்கள்' என்று ஒரே சொல்.

தடுக்கப்பட்டவர்கள் தம் சொந்தப் பக்கத்தில் மட்டும் முறையிடலாம் என்று இருந்தது. அங்கே எழுதினாள்: "நாங்கள் தனித்தனி மனிதர்கள். நம்பாவிட்டால் வந்து எண்ணிப் பாருங்கள்."

அடுத்த நாள் விசாரணைத் தொலைபேசி ஒலித்தது. வண்டி நேரம் கேட்கிறார்கள் என்று எடுத்தாள்.

"வணக்கம்மா. நான் பழையபேனா பேசறேன். உங்க முதல் திருத்தத்துல இந்த நம்பர் இருந்துச்சு." வயதான, கொஞ்சம் கூச்சப்பட்ட குரல். "பொது இடத்துல இப்படி நம்பர் போடாதீங்க. அதை எடுத்துட்டேன்."

"நம்பர் இருந்ததாலதானே கூப்பிட்டீங்க?"

 மறுமுனையில் சிரிப்பு.

அவளுக்குப் பின்னால் கேட்ட சத்தத்திலேயே இது நிஜமான பேருந்து நிலையம் என்று அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். போதாததற்கு நாத்தனார் ரிசீவரைப் பிடுங்கி, "நான்தான்யா ரெண்டாவது பொம்மை!" என்று கத்திவிட்டுப் போனாள். தடையை நீக்கச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் விஷயத்தில் மசியவில்லை.

"உங்கப்பா சொன்னது பொய்னு நான் சொல்லலம்மா. என்னால அதைச் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொருத்தர் வந்து எங்கப்பா வேற மாதிரி சொன்னார்னா நான் என்ன பண்றது?"

அதில் நியாயம் இருப்பது அவளுக்கும் உறைத்தது. அவள் அப்பா, தான் ஒருமுறை வெறுங்கையோடு சிறுத்தையை விரட்டியதாகவும் சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் யாரும் நம்பியதில்லை. ஆனாலும் விடுவாளா?

"சரி சார். முதலாளி கதையை எப்படிச் சரிபார்த்தீங்க?"

"அதுக்குப் புத்தகம் இருக்கு. ஆலையோட பொன்விழா மலர்."

"அதைப் போட்டது யாரு?"

"ஆலைதான்."

"அதுல எழுதினவங்களுக்கு யார் சொன்னா?"

"குடும்பத்துல சொல்லிக் கேட்டதுன்னு..." அவர் குரல் இறங்கியது.

"அப்ப அவங்கப்பா சொன்னா புத்தகம். எங்கப்பா சொன்னா வாய்ப்பேச்சா?"

 வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"இந்தக் கேள்வியை என்கிட்டப் போன்ல கேக்காதீங்கம்மா. பேச்சுப் பக்கத்துல கேளுங்க. எல்லாரும் பாக்கணும், எல்லாரும் பதில் சொல்லணும்."

தடை நீங்கியதும் கேட்டாள். பக்கத்தில் எதையும் அழிக்கவில்லை, கனிவான கவனத்தை யாரிடமும் கோரவில்லை. ஒரே கேள்வி: இந்தக் கதைக்கு ஆலைக்காரர்களே போட்ட மலரைத் தவிர வேறு சான்று உண்டா? வாதம் பிடித்துக்கொண்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து எழுதினார்கள். ஒருவர் அவள் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம், ஒருவர் யார் பக்கம் என்றே புரியாமல் நீளமாக. அவளும் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் விடாமல் பதில் எழுதினாள்.

மாசக் கடைசி நெருங்கியபோது முதலாளியின் பேரனே விசாரணை அறைக்கு வந்துவிட்டார். நேரக்காப்பாளர் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேரன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அக்கா, எதுக்கு இந்த மனஸ்தாபம்? கல்லுல உங்க ஆளுக்கும் ஒரு வரி சேர்த்துருவோம். 'நிறுவனருக்குத் துணை நின்ற மேஸ்திரி'ன்னு. அந்தக் கேள்வியை மட்டும் நீங்க வாபஸ் வாங்கிட்டாப் போதும்."

நேரக்காப்பாளர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார், ஒத்துக்கொள்ளச் சொல்லி. கதவோரம் நின்ற புருஷன் முகத்திலும் ஒரு ஆசை தெரிந்தது. கல்லில் மேஸ்திரி! இதுவரை அந்த மனிதருக்கு ஒரு சொல் எங்கேயும் கிடைத்ததில்லை.  சரி என்ற ஒரு வார்த்தை போதும்.

"ஆலை வர்றதுக்கு முன்னாடியே செத்தவர் உங்க தாத்தாவுக்கு எப்படிங்க துணை நின்னார்? ஆவியா வந்தா?"

பேரன் முகம் சிவந்தது. "ஒண்ணுமே இல்லாம போறதுக்கு இது மேல் இல்லையா?"

"உங்க தாத்தா பின்னால கைகட்டி நிக்குறதுக்கு அவர் வரவே வேணாம். கேள்வியை எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மைக்கை இழுத்து அடுத்த வண்டியை அறிவிக்க ஆரம்பித்தாள். ஒலிபெருக்கி முழங்கும்போது யாரும் பேச முடியாது. பேரன் எழுந்து போனார்.

கல் வெட்டுபவர் வருவதற்கு முந்தின நாள் பக்கம் மாறியது. மாற்றியவர் பழையபேனா. "ஊர்ப் பெயரின் காரணம் உறுதியாகத் தெரியவில்லை. ஆலை நிறுவனரின் பெயர் என்று ஆலை வெளியிட்ட மலர் கூறுகிறது. அதை உறுதிசெய்யும் வேறு சான்று இல்லை." அவள் அதை அச்சடித்துப் பொறியாளரின் மேசையில் வைத்தாள். அவர் தலையைச் சொறிந்தார். உறுதியில்லாததைக் கல்லில் வெட்டி நாளைக்கு யார் பதில் சொல்வது? வள்ளல் வரியை அடித்துவிட்டார். ஊரின் பெயரும் திறந்த தேதியும் மட்டும் மிஞ்சின.

கல் பதித்த அன்று நாத்தனார் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் சரி அண்ணி. இதுல நம்ம மேஸ்திரி எங்க?"

"இல்ல."

"கையில வந்ததை விட்டுட்டீங்களே."

"ஆமா."

"வருத்தமா இல்ல?"

"இருக்கு." மைக்கக்கா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அவங்களும் இல்லல்ல?"

அதோடு அவள் ஓயவில்லை. இப்போது விடுமுறை நாட்களில் தன் ஆட்களின் வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்கிறாள். மேஸ்திரிக்கு ஆறு விரல் என்கிறார் ஒருவர், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார் அவர் தம்பி. இரண்டையும் பதிவு செய்துகொள்கிறாள். அவள் அப்பாவின் சிறுத்தையைக்கூட விடவில்லை. கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் ஒருவர், அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் ஆய்விதழுக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதை அவள் பழையபேனாவுக்கு எழுதினாள். அவர் நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்: "அச்சில் வந்தாலும் போதுமான சான்று என்று எல்லாரும் ஏற்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதை வைத்து நீங்கள் எழுதுவதை நானே நீக்க வேண்டி வரலாம்."

மைக்கக்கா அப்போதே பதில் தட்டினாள்.

"நீக்குங்க சார். நான் இங்கேயேதான் இருப்பேன்."