பூட்டு இல்லாத நாள்

மலேசியாவின் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தொழிலாளர் விடுதிக்கு நான்தான் காவல். வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர் வரும் நாளில், கேட் பூட்டைக் கழற்றச் சொன்னார் மேனேஜர். "இன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் சுதந்திரம்லா, அண்ணே!"

விருப்பம்போல வெளியே போகலாமா என்று ஆய்வாளர் ஒரு நேப்பாளியிடம் கேட்டார். வந்த நாளிலிருந்து பக்கத்துக் கடைத்தெருவைக்கூடப் பார்க்காதவன் அவன். சொல்லிக்கொடுத்தபடியே, போகலாம் என்றான். போய்க் காட்டச் சொன்னார் ஆய்வாளர்.

கேட் விரியத் திறந்திருந்தது. அவனோ, வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் செய்வதுபோல என் முன்னால் வந்து நின்று, சோதனைக்காக இரண்டு கைகளையும் தூக்கினான்.

தினமும் உடற்பயிற்சி செய்வார்கள் என்று மேனேஜர் முந்திக்கொண்டார். ஆய்வாளர் பாராட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

"பூட்டுங்கண்ணே" என்றார் மேனேஜர். அவன் இன்னும் கைகளை இறக்கவில்லை. கேட்டுக்கு உள்ளேதான் நின்றிருந்தான்.