மாலைதீவிலிருந்து வந்த திகன றலியா

கண்டியில் உறவினர் வீடு ஒன்று இருக்கும்போது ஹோட்டலில் அறை எடுத்துத் தூங்குவது அந்தக் குடும்பத்தில் குற்றம். எழுதப்படாத சட்டம்தான். ஆனால் எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக அமுலில் இருப்பது. கம்பளை ஹலீம் நானா ஒரு தடவை கடைசி ரயிலைத் தவறவிட்டு, கண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்து லொட்ஜில் படுத்தெழும்பினார். மனிதர் இன்றைக்குப் பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டார். அந்த விசாரணை மட்டும் இன்னும் முடியவில்லை.

திகன ஹார்ட்வெயார் ஜமால்தீனின் மனைவி றலியா இதை அறியாதவள் அல்ல. கண்டியையும் அறியாதவள் அல்ல. பல் பிடுங்க, பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க, ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமிக்குக் கஞ்சி கொண்டுபோக என்று ஐம்பது வயதுவரை போய்வந்த ஊர். குளத்தைப் பார்த்திருக்கிறாள், பஸ் யன்னலால், முன்னால் நிற்பவரின் கக்கத்துக்கு ஊடாக. பேராதனைப் பூங்காவையும் பார்த்திருக்கிறாள், குடும்பம் முழுவதற்கும் சோறு கட்டிக்கொண்டு போய், பரிமாறி, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது. அங்கே பூக்கள் உண்டென்று பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள்.

விருந்தாளியாகவும் பல வீடுகளில் தங்கியிருக்கிறாள். விருந்தாளி என்றால், இன்னொருத்தியின் குசினியில் வெங்காயம் உரிப்பவள். “நீங்க சும்மா இரீங்கோ” என்பார்கள். சொல்லிக்கொண்டே கத்தியை நீட்டுவார்கள். ஒரே ஓர் இரவு, யாரோ விரித்த கட்டிலில், யாரோ கழுவப்போகும் பீங்கானில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கவேண்டும் என்பது றலியாவின் ஆசை. இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, தங்கை ஷஹ்மாவைத் தவிர.

தெஹிவளையில் வங்கி உத்தியோகம் பார்க்கும் ஷஹ்மா ஒருநாள் போன் எடுத்தாள்.

“ராத்தா, சனிக்கிழமைக்கி ரூம் போட்டுட்டேன். கண்டியில. பெல்கனியில நின்டா குளம் தெரியும்.”

“கண்டியிலயா? ஒனக்கு பைத்தியமா? அங்க சாச்சி ஈக்கிறா!”

“ஈக்கட்டும். நாங்க டூரிஸ்ட்.”

“தெரிஞ்சா?”

“சாச்சி எந்தக் காலத்துல ஹோட்டலுக்குப் போன?”

இந்த வாதம் றலியாவுக்குப் போதுமாக இருந்தது. சாச்சி என்பது இருவரின் உம்மாவுடைய தங்கை, கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார், குடும்பத்தின் சட்டமா அதிபர். அதே சனிக்கிழமை சாச்சியின் கணவர் வழி உறவில் ஒரு வலீமா, கலியாண விருந்து இருந்தது. றலியாவுக்கும் கார்ட் வந்திருந்தது. “ஷஹ்மாவுக்கு சரியான காய்ச்சல் சாச்சி, நான் தெஹிவளைக்குப் போறேன்” என்று கூறி அந்த வாசலையும் அடைத்தாயிற்று. கணவர் ஜமால்தீன் இந்தச் சதி வழக்கில் மூன்றாம் எதிரி. பிரிஜ்ஜுக்குள் இருந்த மாட்டிறைச்சிக் கறிக்கு விலைபோனவர்.

ஒரு பிழை நடந்தது. திகனயில் கலியாணக் கார்டை யாரும் மண்டபத்தின் பெயர்வரை வாசிப்பதில்லை. மாப்பிள்ளை யார் மகன், பெண்ணின் உம்மா எந்த ஊர் என்பதோடு வாசிப்பு முடிந்துவிடும். மண்டபம் எங்கே என்று அறிந்திருப்பது வேன் டிரைவரின் பொறுப்பு. றலியாவும் அந்த வழக்கப்படியே வாசித்து, அலுமாரிக்கு மேல் போட்டாள்.

சனிக்கிழமை அறைக்குள் கால் வைத்ததும் றலியா முதலில் கட்டிலின் விளிம்பில் அமர்ந்தாள். பிறகு நடுவில் அமர்ந்தாள். பிறகு இரண்டு தடவை எம்பிப் பார்த்தாள்.

“ஷஹ்மா, இத யாரு விரிச்ச?”

“இங்க வேல செய்ற ரூம் போய்.”

“நாளைக்கி?”

“நாளைக்கும் அவர்தான்.”

“மாஷா அல்லாஹ்” என்றாள் றலியா. சிறிய சவர்க்காரங்களை ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். கேத்தலைத் திறந்து மூடினாள். பெல்கனிக்குப் போய்க் குளத்தை முழுதாக, யாருடைய கக்கமும் குறுக்கிடாமல், பார்த்தாள். குளம் இவ்வளவு பெரிதென்று இதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு இருவருக்கும் மாறுவேடம். தலையில் கட்டிய ஸ்காபுக்கு மேல் அகன்ற தொப்பி, அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடி. வெளியே நின்ற ஆட்டோக்காரர் எந்த நாடு என்று இங்கிலீஷில் கேட்க, ஷஹ்மா கொஞ்சமும் கூசாமல் “மோல்டீவ்ஸ்” என்றாள். அந்தக் கணத்திலிருந்து றலியா ஊமை.

ஆட்டோ மலையேறும்போது ஆட்டோக்காரர் பழனியாண்டிக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. “இன்னும் கண்டியிலதான் இருக்கேன். பொழுதுசாய வந்துருவேன்” என்றார் அவர், நல்ல தமிழில். “ரெண்டு மாலைதீவு அம்மாங்க கெடச்சிருக்காங்க. சின்னவங்க பேசுறாங்க. பெரியவங்க வாயே தொறக்கல. பாவம், வெளியூரு தண்ணி ஒத்துக்கல போல.”

ஷஹ்மா அக்காவின் தொடையைக் கிள்ளினாள். அக்கா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பழனியாண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “வாந்தி எடுத்துருவாங்க போல, வச்சிர்றேன்” என்று போனை வைத்து, வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

மலைமேல் நின்று அவர் ஊரை விளக்கினார். குளத்துக்கு அடியில் இன்னொரு குளம் உண்டு. அதில் இருக்கும் மீன்களுக்கு நூற்றைம்பது வயது. அந்த மீன்கள் இங்கிலீஷ்காரரைக் கண்டால் மட்டும் மேலே வரும். றலியா பரவசத்தில் நின்றாள். அரைமணி நேரத் தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்ல இதுவரை யாருக்கும் மனம் வரவில்லை. தான் உண்மையிலேயே டூரிஸ்ட் ஆகிவிட்டோம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பொழுது சாய்ந்து, மஃரிப் நேரம் ஹோட்டலுக்குத் திரும்பினார்கள். வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. றலியாவுக்கு அந்த வேன்களில் இரண்டைத் தெரிந்திருந்தது. ஒன்றின் டிரைவரையும் தெரிந்திருந்தது. அவருடைய பொறுப்பு எதுவென்று அப்போதுதான் உறைத்தது.

“லிஃப்டுக்குப் போங்க ராத்தா. ஓடாதீங்க. டூரிஸ்ட் ஓட மாட்டாங்க.”

லிஃப்டுக்குப் போகும் வழி வலீமா மண்டபத்தின் பெண்கள் பகுதிக் கதவைத் தாண்டித்தான் போகிறது. உள்ளே ஸஹன் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய தாம்பாளப் புரியாணியைச் சுற்றி ஆறு பேர். ஆறு சேராமல் ஒருவரும் கை வைக்க முடியாது. கதவடியில் நின்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்த குரலை இருவரும் பிறந்த நாள் முதல் கேட்டிருக்கிறார்கள்.

“இந்த ஸஹனுக்கு ரெண்டு பேர் கொறையிது! ஆரு ஈக்கிற?”

சாச்சியின் கண் தொப்பிகள் மேல் விழுந்தது. அங்கிருந்து மெதுவாக இறங்கி, றலியாவின் செருப்பில் நின்றது. அந்தச் செருப்பு சாச்சியே நோன்புப் பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

“றலியா. தெஹிவளையில மழையா?”

“இல்ல சாச்சி.”

“ஷஹ்மா. காய்ச்சல் சொகமா?”

“இப்பதான் எறங்கிச்சி சாச்சி.”

“அல்ஹம்துலில்லாஹ். வந்து ஒக்காருங்கோ. சோறு ஆறுது.”

தொப்பியோடு ஸஹனில் உட்கார்ந்தவர்கள் அந்தக் குடும்ப வரலாற்றில் அவர்கள் இருவர் மட்டுமே. புரியாணி நன்றாகத்தான் இருந்தது. றலியா தன் பங்குச் சோற்றை விரலால் ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். இனிப்புக்கு வட்டிலப்பம் வருமுன் சாச்சி உண்மை முழுவதையும் கறந்துவிட்டார், வட்டிலப்பத்தோடு தீர்ப்பும் வந்தது.

“ஹோட்டல்ல ரூமா? எங்கட வூட்டுக் கதவு என்ன மூடியா கெடக்கு? மகன் அஸ்ஃபர்ட்ட செல்லியாச்சி, கார எடுத்துட்டு வாறான். பேக எடுங்கோ. நாளைக்கி காலயில இடியப்பம், புழியிறதுக்கும் ஆள் தேவ.”

றலியாவின் கண்முன்னால் இடியப்ப உரல் வந்து நின்றது. கட்டில் மறைந்தது. ஷஹ்மா வாயைத் திறந்தாள். றலியா அவள் கையை அழுத்தினாள். ஐம்பது வருடம் சட்டத்துக்குக் கீழ் வாழ்ந்தவளுக்குச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் பாடம்.

“போவம் சாச்சி. ஆனா எங்கட எடத்துக்கு வந்துட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போறதா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறுக்க வழியில்லை. சாச்சி லிஃப்டில் ஏறினார்.

அறையில் றலியா கதிரையை இழுத்துப் போட்டாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஹோட்டல் வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டையும் பீங்கானில் அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டினாள். சாச்சி பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாயோடு விஷயம் முடிந்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்தவள் வீட்டுக்காரி, குடித்தவர் விருந்தாளி. விருந்தாளி எழும்பிப் போகலாம். வீட்டுக்காரியை அவள் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போகமுடியாது.

சாச்சி கோப்பைக்கு மேலால் றலியாவைப் பார்த்தார். சட்டமா அதிபருக்கும் புரிந்துவிட்டது.

“கெட்டிக்காரி” என்றார், பாராட்டுப் போலில்லாமல். பிறகு கட்டிலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். “காலச் சாப்பாடும் இவங்களேயா தருவாங்க?”

“ஓ சாச்சி.”

“பீங்கான் கழுவுற?”

“அதும் அவங்கதான்.”

சாச்சி கட்டிலை இன்னொருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு எழும்பினார். வாசல்வரை வந்து வழியனுப்பிய றலியா, சம்பிரதாயப்படி சொல்லியே ஆகவேண்டிய அந்த வசனத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“இருந்துட்டு நாளைக்கிப் போங்களேன் சாச்சி.”

“இல்லம்மா, வூட்டுல வேல ஈக்கு” என்று சாச்சியும் சம்பிரதாயப்படியே சொன்னார். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் எடுத்தது.

கதவு மூடியதும் அக்காவும் தங்கையும் கட்டிலில் விழுந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

காலையில் கீழே போய் றலியா ரொட்டி, கட்டச்சம்பல், முட்டை, பிறகு இன்னொரு முட்டை என்று ஆற அமரச் சாப்பிட்டாள். முடிந்ததும் அவள் கைகள் அவளைக் கேளாமலே தன் பீங்கானைத் தங்கையின் பீங்கானுக்கு மேல் அடுக்கின. எச்சிலை ஓரமாக வழித்தன. தூக்கிக்கொண்டு குசினி எங்கே என்று பார்த்தாள்.

“வைங்க ராத்தா.”

“ஒரு நிமிஷம்டி, கழுவிட்டு…”

“ராத்தா!”

றலியா வைத்தாள். கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை நிமிர்ந்த தலையோடுதான் நடந்தாள். அங்கே மட்டும் ஒருதரம் நின்று, ஒரு வெயிட்டர் அவளுடைய பீங்கானை எடுத்துக்கொண்டு போவதை, அவர் உள்ளே மறையும்வரை பார்த்தாள்.