என் பெயரில் ஒரு சூதாடி

சூதாட்டத்தை விட நினைப்பவர்களுக்கான அந்த இணையப் பயிற்சியைக் கொழும்பிலிருந்து மகள்தான் தேடி அனுப்பினாள். அதில் சேர ஈமெயில் வேண்டும் என்றது. என் கணவருக்கு அப்படி ஒன்று கிடையாது, எனக்கு இருந்தது. அதையே கொடுத்துச் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பயிற்சியின் கண்ணுக்குச் சூதாடி நான்தான். தினமும் மாலையில் என் பெயரைச் சொல்லி, இன்று பந்தயம் கட்டினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கும். இல்லை என்று போட்டால் என்னை வாயாரப் பாராட்டும். கண்டி டவுனில் புடவைக் கடையில் நின்று கால் தேய்ந்த எனக்கு அப்படி ஒரு பாராட்டு அதற்கு முன் கிடைத்ததில்லை.

"என்ன புள்ள, இன்னிக்கு ஒனக்கு ஆசை வந்துச்சா?" என்று அவர் கேலி செய்வார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கூடவே சிரிப்பும் வரும். கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டின் அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த நேரத்தில் நான் சும்மா சிரித்துக்கொண்டிருக்கவில்லை. பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். போனில் பந்தயம் கட்டத் தொடங்கிய பிறகு அவர் டீவியைப் பார்ப்பதே இல்லை. அடுத்த பந்து நாலா, அவுட்டா என்று போனையே வெறித்துக்கொண்டிருப்பார். என் கழுத்துச் சங்கிலியும் பந்தயத்தில் போன அன்று நேராகவே சொல்லிவிட்டேன்.

"இனி ஒரு தடவ தொட்டீங்கன்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

சொன்ன வேகத்தில் துணிகளைப் பையில் அடைத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். வேகத்தில் என்னிடமிருந்த ஒரே குடையும் உள்ளே போய்விட்டது. பையை இறக்கினால் என் பேச்சு வெறும் வாய்ப்பேச்சாகிவிடும் என்று எனக்கு ரோஷம். பின்னேர மழையில் நனைந்துகொண்டே கடையிலிருந்து வந்தேன்.

பயிற்சியைத் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று தொடங்கினோம். நல்ல நாளாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். செபமாலை முடிந்ததும் நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன், அவர் பதில் சொல்வார், நான் தட்டுவேன். ஆசை எப்போது வருகிறது? "டாஸ் போடுறப்ப." வந்தால் என்ன செய்வீர்கள்? "போன ஒங்கிட்ட குடுத்துட்டுத் தேத்தண்ணி கேப்பேன்." அப்படியே செய்தார். அந்த வாரங்களில் எங்கள் வீட்டுச் சீனி பறந்தது.

ஒரு நாள், பந்தயம் இல்லாமல் கடைசியாக எப்போது ஆட்டத்தை ரசித்தீர்கள் என்று கேட்டது.

"பல்லேகல கிரவுண்டு புல் மேட்டுல. மக சின்னப் புள்ள. மழைக்கு ஆட்டம் நின்னுச்சே, நீ கொடைய புடிச்சுகிட்டு என்னய திட்டிகிட்டே இருந்த."

எனக்கும் நினைவு வந்தது. ஒரு குடைக்குள் மூன்று பேர், கையில் கடலைச் சுருள். மழை விட்ட பிறகு மற்ற அணிக்காரன் அழகாக ஒரு அடி அடித்தான். இவர் எழுந்து நின்று கைதட்டினார். சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள். நான் வெட்கத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்படிக் கைதட்டிய மனிதர் எங்கே போனார் என்று நினைத்து அன்று அழுதேன்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் அவர் சாவகாசமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம பல்லேகலயில மேட்ச். நல்லவேள, பாஸ்காவோட இது முடியுது."

"எது முடியுது?"

"விரதந்தான். விபூதிப் புதன்ல தானே ஆரம்பிச்சோம்?"

மனிதர் இறைச்சியோடு பந்தயத்தையும் சேர்த்துத் தவக்காலத்துக்கு விட்டிருக்கிறார். பாஸ்காவான உயிர்த்த ஞாயிறன்று இரண்டையும் தொடலாம் என்று பாவம் காத்திருந்திருக்கிறார். "இதுக்குப் பாஸ்கா கெடையாதுங்க!" என்று கத்தினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டார். அலுமாரிக்கு மேலே பார்த்தேன். போகத்தான் வேண்டியிருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறன்று கோயிலுக்குப் போய் வந்து ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டோம். டாஸ் போடும் நேரம் அவர் போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் மடியில் வைத்தார்.

"தேத்தண்ணி ஊத்து புள்ள."

நான் குசினியில் அடுப்பருகே நிற்கும்போது கைதட்டல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் அவுட்டாகிப் போவது எங்கள் ஆள்.

"என்னங்க, அது நம்ம ஆளுங்க!"

"தெரியும். புடிச்ச புடியப் பாத்தியா! என்னா புடி!"

கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. இல்லை என்று போட்டேன். அது என்னைப் பாராட்டியது. ஆட்டம் முடியும்வரை பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். யார் ஜெயித்தது என்று இப்போது எனக்கு நினைவில்லை.

டீவியை நிறுத்திவிட்டு அவர் அலுமாரிப் பக்கம் பார்த்தார்.

"நாளைக்குக் கடைக்குப் போறப்ப அந்தப் பையில இருந்து கொடைய எடுத்துக்க. தவக்காலம் பூரா நனைஞ்சுகிட்டுத்தானே வந்த."